தாழ்ப்பாள் உள்பக்கம்: அறிவியல் புனைவுத் தொடரில் தியாகக் காட்சி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு முகப்பில் உட்கார்ந்து எங்கள் தொடரின் ஏழாம் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தோம். நாலு பேர் சேர்ந்து எழுதும் அறிவியல் புனைவுத் தொடர், மொத்தம் எட்டுப் பகுதி. பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து பேரன் வருகிறான். இரண்டாம் கட்டுக்கும் (முற்றத்தைச் சுற்றிய பகுதியைக் கட்டு என்பார்கள்) பின்வாசலுக்கும் நடுவே காலம் கிழிந்து கிடக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று வரப் பார்க்கிறது. ஏழாம் பகுதியில், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் உள்ளேயே நின்று கதவைச் சாத்திக்கொள்கிறார், பேரன் பிழைக்கிறான். வாசித்த நண்பருக்குக் குரல் கம்மிவிட்டது. எழுதிய எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வீட்டை நிஜமாகவே பார்த்துக்கொள்ளும் அண்ணன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த ஆளுக்கு வீட்டுல யாருமே இல்லையா தம்பி?"

பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். யாருமே இல்லை. ஆறு பகுதிகளிலும் அவர் கதவு திறக்கிறார், காபி கொண்டுவருகிறார், "பார்த்துப் போங்க தம்பி" என்கிறார். திரைக்கதையில் அவருக்குப் பெயர் 'காவல்காரர்'. ஏழாம் பகுதியில் சாகப்போகும் நிமிடத்தில்தான் பேரன் "கருப்பையாண்ணே!" என்று கத்துகிறான். சாவதற்காகவே பெயர் வாங்கிய மனிதர்.

துணைப் பாத்திரத்தின் தியாகத்தை எழுதுபவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். யாருக்காகச் சாகிறார் என்பதை நன்றாக யோசித்துவிடுகிறோம். எதை விட்டுவிட்டுச் சாகிறார் என்பதை யோசிப்பதில்லை. இழக்க ஒன்றும் இல்லாதவர் உயிரைக் கொடுத்தால், கதாநாயகன் அழுவதற்கு ஒரு காரணம் கிடைக்கும், அவ்வளவுதான்.

இதை நம் கூத்துக்காரர்கள் எப்போதோ தெரிந்துவைத்திருந்தார்கள். அரவானைக் களப்பலி கொடுக்க எல்லாம் தயார். அவன் உடனே கழுத்தை நீட்டுவதில்லை. எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று வரம் கேட்கிறான். நாளைக்குச் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கடைசியில் கண்ணனே மோகினியாக வர வேண்டியிருக்கிறது. பாரதப் போரில் விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் தாலியறுப்பும் ஒப்பாரியுமாக ஊர் கூடி அழுவது இவனுக்காக. தனக்கென்று ஒன்று கேட்டவன் இவன்.

விமான விபத்தில் தப்பித் தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதையான 'லாஸ்ட்' தொடரில், சார்லி என்ற பாடகன் இறப்பது 2007இல், மூன்றாம் பருவத்தின் கடைசியில். அதற்கு முந்தைய கதையில் அவன் ஒரு தாளில் தன் வாழ்க்கையின் ஐந்து நல்ல தருணங்களை எழுதுகிறான். தன் பாட்டை முதன்முதலாக வானொலியில் கேட்டது, சின்ன வயதில் அப்பா நீச்சல் கற்றுக்கொடுத்தது, இப்படி. அடுத்து அவன் இறப்பது, நண்பனைக் காப்பாற்றக் கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு, தண்ணீர் புகுந்த அறைக்குள். நீச்சல் கற்றுக்கொடுத்த அப்பாவை யாரும் அங்கே நினைவூட்டுவதில்லை. பார்ப்பவருக்குத் தானாக நினைவு வரும்.

சரி, வாழ்க்கை கொடுக்க வேண்டும் என்றதும் அடுத்த குழியில் விழுவோம். சாகும் பகுதியிலேயே எல்லாவற்றையும் அவசரமாகக் கொண்டுவந்து கொட்டுவது. சட்டைப்பையிலிருந்து மகள் புகைப்படத்தை எடுத்துப் பார்ப்பார். "அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம்" என்பார். நம்மூரில் பத்து வயதுப் பிள்ளை சொல்லிவிடும், இந்த ஆள் காலி என்று. புகைப்படம் வேண்டுமானால் இரண்டாம் பகுதியிலேயே வரட்டும், அதுவும் சாவோடு சம்பந்தமில்லாத காரியத்துக்காக. கருப்பையாவுக்கு நாங்கள் ஒரு பேத்தியைக் கொடுத்தோம். மூன்றாம் பகுதியில் அவளுடைய ஸ்கூல் ஃபீஸுக்காகப் பேரனிடம் முன்பணம் கேட்கத் தயங்கி, கேட்காமலே திரும்பிப் போகிறார். அந்தக் காட்சியில் கதையே நகரவில்லை என்று ஒரு நண்பருக்கு வருத்தம். எனக்குத் தொடரிலேயே பிடித்த காட்சி அதுதான்.

செட்டிநாட்டில் வைத்து எழுதும்போது தனியாக ஒரு பள்ளம் இருக்கிறது. அதன் பெயர் விசுவாசம். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முகப்பில் நின்றால் பின்வாசல் வரை ஒரே நேர்கோடாகத் தெரியும் வாசல்கள் என்று வீட்டைக் காட்டக் காட்ட, அதில் வேலை செய்பவரும் அந்த வீட்டுக்கென்றே பிறந்தவர் மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும். "உங்க ஐயா வீட்டு உப்பைத் தின்னவன் தம்பி நான்" என்று ஒரு வசனத்தைப் போட்டுவிட்டால் சாவுக்குக் காரணம் கிடைத்துவிட்டதாக எழுதுபவர் நிம்மதியாகிவிடுவார். அந்த வசனத்தை நானும் எழுதியிருந்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, அதுவும் அந்த அண்ணன் கொண்டுவந்த டீயைக் குடித்துக்கொண்டே வாசித்திருக்கிறோம். முதலாளி பிழைக்க வேலையாள் சாவது நூறு படங்களில் பார்த்த சங்கதி. விண்கலம் வந்தாலும் காலம் கிழிந்தாலும் அது அதே சங்கதிதான்.

வீடே வழி காட்டியது. இங்கே பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். எங்கள் கதையில் முன்வாசல் பேரனுடைய தெருவுக்குத் திறக்கிறது. பின்வாசல் திறப்பது கருப்பையா குடியிருக்கும் தெருவுக்கு. வரப்போகிற அது பின்வாசல் வழியாக வெளியேறினால் முதலில் போய்ச் சேரும் இடம் பேத்தி விளையாடும் ஊரணிக்கரை. இப்போது அவர் கதவைச் சாத்துவது தன் தெருவுக்காக. பேரன் பிழைத்தது உபரி. பேரனுக்கும் அது எட்டாம் பகுதியில்தான் புரிகிறது, தனக்காக ஒருவர் செத்தார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த பிறகு.

அடுத்தது அறிவியல் பக்கம். மற்ற கதைகளில் தப்பிக்கும் தவறு இங்கே தப்பிக்காது. விதியைக் கடைசி நிமிடத்தில் அறிவிப்பதைத்தான் சொல்கிறேன். "இதை உள்ளேயிருந்துதான் நிறுத்த முடியும்!" என்று ஏழாம் பகுதியில் ஒருவர் கத்தினால், பார்ப்பவர் கேட்பார்: யார் சொன்னது? ஒரு ரோபோவை அனுப்பலாமே? கயிறு கட்டி இழுக்கலாமே? நாம்தான் இத்தனை பகுதிகளாக எதுவும் சாத்தியம் என்று பழக்கியிருக்கிறோம். சார்லியின் சாவையே எடுத்துக்கொள்ளுங்கள், அவன் வெளியே வந்து அந்தக் கதவைச் சாத்தியிருக்கலாமே என்று இன்னும் வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். அவன் உள்ளங்கையில் எழுதிக் கண்ணாடியில் வைத்துக் காட்டும் எச்சரிக்கை அந்தக் கேள்வியை மறக்கடிக்கும் அளவுக்கு நன்றாக இருந்தது, பிழைத்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

காரைக்குடிப் பக்கம் உட்கார்ந்து எழுதுபவர் இதில் சாக்குச் சொல்லவும் முடியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. டீக்கடையில் பேட்டரி பற்றிப் பேச்செடுத்தால் எதிரே இருப்பவர் அதிலேயே முனைவர் பட்டம் வாங்கியவராக இருக்கலாம். எங்கள் முதல் வரைவில் 'குவாண்டம்' என்ற சொல் பதினோரு இடத்தில் இருந்தது. பத்தை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் ஒரே ஒரு விதி: இரண்டாம் கட்டைத் தாண்டினால் மின்சாரத்தில் ஓடும் எதுவும் நின்றுவிடும். முதல் பகுதியில் இது வேடிக்கையாக வருகிறது. பேரனின் செல்போன் அணைகிறது, அவன் முகப்புக்கு ஓடுகிறான், எரிகிறது, மறுபடி உள்ளே போகிறான், அணைகிறது. கருப்பையா, "இந்த வீட்டுக்கு அதெல்லாம் ஒத்துக்காது தம்பி" என்கிறார். ஏழாம் பகுதியில் ரோபோவைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

தாழ்ப்பாளையும் அப்படியே முன்கூட்டி வைத்தோம். பின்கதவுக்கு வெளியே பூட்டு இல்லை, உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும்தான். வீட்டைப் பூட்டுகிறவர் தினமும் சாயங்காலம் செய்வது இது: பின்கட்டுக்குப் போய்க் கதவை உள்ளிருந்து தாழிட்டுவிட்டு, கட்டுக்கட்டாக எண்ணெய் விளக்கை அணைத்துக்கொண்டே நடந்து வந்து, முன்வாசல் வழியாக வெளியேறிப் பெரிய பூட்டைப் பூட்டுவார். இரண்டாம் பகுதியில் இதை வெட்டாமல் முழுதாகக் காட்டுகிறோம், வசனமே இல்லாமல். ஏழாம் பகுதியில் அவர் செய்வது அதே வேலைதான். தாழிடுகிறார், நடக்கத் தொடங்குகிறார். முன்வாசல் வரை வந்து சேரவில்லை.

அந்த ஆளால் மட்டுமே முடிந்த காரியமாகவும் அது இருக்க வேண்டும். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' இரண்டாம் பருவத்தில் (2017) பாப் என்பவர் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர், சாதுவான மனிதர். ஆய்வகத்துக் கதவுகள் பூட்டிக்கொண்டதும் அவற்றைத் திறக்கக் கணினி மொழி தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். துப்பாக்கி வைத்திருப்பவரை விட்டுவிட்டுக் கடைக்காரர் போய் உயிரை விடுவதற்கு அது போதும். திடீரென்று வீரராக மாறுவது வேறு. தெரிந்த வேலையைப் பயந்துகொண்டே செய்யப் போவதைத்தான் நாம் நம்புகிறோம்.

கடைசிப் பேச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து விநாடி மிச்சம் என்று கடிகாரம் காட்டும்போது இரண்டு நிமிடம் பேசவிடாதீர்கள். "வீட்டைப் பார்த்துக்கங்க தம்பி" என்றுகூட வேண்டாம். பழைய காட்சிகளைக் கறுப்பு வெள்ளையில் திரும்ப ஓட்டுவதும் அப்படித்தான், முன்பே நன்றாக எழுதியிருந்தால் தேவைப்படாது.

செத்த பிறகு என்ன என்பதில்தான் பெரும்பாலான தொடர்கள் கைவிட்டுவிடுகின்றன. அடுத்த பகுதியில் கதாநாயகன் முறைத்துக்கொண்டே துப்பாக்கியைத் துடைப்பான், அதோடு சரி. 'டாக்டர் ஹூ' தொடரில் 1982இல் டாக்டரோடு பயணம் செய்யும் ஏட்ரிக் என்ற பையன், பூமியில் மோதப்போகும் விண்கலத்தைத் தடுக்கக் கடைசிக் கணக்கைப் போட்டுக்கொண்டே இறந்துபோகிறான். போட்ட கணக்கு சரியா என்று அவனுக்குத் தெரியாமலே போகிறது. வழக்கமான இசை இல்லாமல், கணக்கில் கெட்டிக்காரன் என்று அவன் வாங்கிய பதக்கம் உடைந்து கிடப்பதைக் காட்டி, அதன் மேல் பெயர்கள் மௌனமாக ஓடின. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷ'னில் நேர்மாறாக நடந்தது. 1988இல் டாஷா யார் என்ற பாதுகாப்பு அதிகாரியை ஒரு எண்ணெய்க் கசடு போன்ற ஜந்து ஒரே அடியில் கொன்றுவிடுகிறது. அதில் அர்த்தமே இல்லை. அந்தக் குறையைத் தொடரே ஒப்புக்கொண்டதுபோல, 1990இல் மாற்றுக் காலத்தில் அவள் உயிரோடு வருகிறாள். தன் இன்னொரு சாவு வீணானது என்று தெரிந்துகொண்டு, திரும்ப முடியாத ஒரு கலத்தில் தானாகவே ஏறிப் போகிறாள். முதல் தவறை வைத்தே ஒரு நல்ல கதை செய்துவிட்டார்கள். இதைக் காட்டி, செத்தவரை மீட்டுக் கொண்டுவருவது சரி என்று வாதாட வேண்டாம், அவளைக் கொண்டுவந்தது இன்னொரு முறை, இந்த முறை தெரிந்தே, அனுப்பிவைக்கத்தான்.

இந்த விஷயத்தில் நம் மரபு கறார். நடுகல்லுக்குத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படி சொல்கிறது. கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி வாழ்த்துவது வரைக்கும். செத்தது ஒரு நொடி, அதன் பிறகு இத்தனை வேலை. சிவகங்கை பக்கம் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலுக்குப் போனால், வேலு நாச்சியார் போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுப்பட்ட உடையாள் கதையைச் சொல்வார்கள். ராணி பிறகு திரும்பி வந்து தன் வைரத் தாலியைக் காணிக்கையாக வைத்தாள் என்பார்கள். அந்தப் பெண் இல்லாமல் ராணி கதையை இந்தப் பக்கம் யாரும் சொல்லி முடிப்பதில்லை. துணைப் பாத்திரம் என்றே அவளைச் சொல்ல முடியாது.

எங்கள் எட்டாம் பகுதியில் சண்டை ஒன்றும் இல்லை. பேரன் முன்வாசலைப் பூட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போகிறான், முதல் முறையாக. எந்த வீடு என்று அவனுக்குத் தெரியவில்லை. விசாரிக்க வேண்டியிருக்கிறது. திண்ணையில் பேத்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மாற்றி எழுதியதை அதே முகப்பில் உட்கார்ந்து வாசித்தோம். அண்ணன் இந்த முறை நிற்கவில்லை, திண்ணையில் உட்கார்ந்தே கேட்டார். ஏழாம் பகுதி முடிந்தபோது எதுவும் சொல்லவில்லை, எழுந்து போய் வளவில் விளக்கைப் போட்டுவிட்டு வந்தார். எட்டாம் பகுதியில் பேரன் முன்வாசலைப் பூட்டும் இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"ஒரு சுத்துல பூட்டுறதா எழுதியிருக்கீக. அது ரெண்டு சுத்து. முத சுத்து சுத்துனதும் கதவை நம்ம பக்கம் இழுத்துப் பிடிக்கணும், இல்லேன்னா விழாது."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, கதவைச் சாத்தி, செய்து காட்டினார். அப்புறம் சாவியை என்னிடம் நீட்டி, நீங்க ஒரு தடவ பூட்டிப் பாருங்க என்றார்.