எழுதச் சிரமப்படும் பிள்ளைக்குக் கைத்தொலைபேசியும் கணினியும் துணையாவது எப்படி?

கையெழுத்துச் சிரமமுள்ள பிள்ளைக்கு உதவ முற்படும் பெற்றோர் முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: எழுத்தை வடிவாக வரைவது ஒன்று, நினைத்ததை வசனமாக்குவது மற்றொன்று. டிஸ்கிராஃபியா எனப்படும் எழுத்துக் குறைபாடுள்ள பிள்ளைக்கு முதலாவது வேலையே முழுக் கவனத்தையும் விழுங்கிவிடுகிறது. திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் கண்ட மான்களைப் பற்றி மூச்சுவிடாமல் கதைக்கும் பிள்ளை, கொப்பியில் "மான் நின்றது" என்று மட்டும் எழுதி நிறுத்துவது இதனால்தான். அதைச் சோம்பல் என்று கண்டிப்பது பெரும் அநியாயம். கண்பார்வையைச் சோதித்து, இயலுமானால் வைத்தியரின் ஆலோசனையுடன் தொழில்வழிச் சிகிச்சையாளர் (கைவிரல் அசைவு போன்ற அன்றாடச் செயற்பாடுகளுக்குப் பயிற்சி தருபவர்) ஒருவரிடமும் காட்டிய பின் கருவிகளை நாடுங்கள்.

வசனமாக்கும் வேலைக்குக் குரல்வழித் தட்டச்சு உடனடியாகக் கைகொடுக்கும். கூகுளின் குரல் தட்டச்சில் 2017 முதல் தமிழ் இருக்கிறது. கைத்தொலைபேசியின் ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுப் பேசினால் போதும். ஆனால் நம் பேச்சுவழக்கில் வேகமாகச் சொன்னால் சொற்கள் பிறழும் என்பதால், பிள்ளை முதலில் தன் போக்கில் முழுக் கதையையும் சொல்லட்டும். பிறகு அதையே எழுத்து நடையில், வசனம் வசனமாக நிறுத்திச் சொல்லட்டும். பிழைகளை நீங்கள் திருத்த வேண்டாம். எழுதியதை உரக்க வாசிக்கும் வசதியை இயக்கினால், "கடல்" என்பது குற்று விடுபட்டு "கடல" என ஒலிப்பதைப் பிள்ளையின் காதே கண்டுபிடித்துவிடும்.

எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் தட்டச்சும் பழக்குவது நல்லது. இலங்கையின் நியம விசைப்பலகை ரெங்கநாதன் அமைப்பே ஆயினும், இத்தகைய பிள்ளைகளுக்கு 1999இல் தமிழ்நாட்டில் நியமமாக்கப்பட்ட தமிழ்99 இலகுவானது என்பது என் கருத்து. "கொ" என்று கையால் எழுதும்போது ஒலியில் பின்னால் வரும் கொம்பை முன்னால் போட்டு, பிறகு ககரத்தையும் அரவையும் எழுத வேண்டும்; வரிசை குழம்பும் பிள்ளை தடுமாறுவது இங்கேதான். தமிழ்99இல் க, ஒ என்று ஒலிக்கும் ஒழுங்கிலேயே தட்டினால் எழுத்து தானாக அமைகிறது. "அம்மா" என்பதற்கு அ, ம, ம, ஆ என்று தட்டினாலே குற்று தானாக விழும். விண்டோஸ் 10இன் பிந்திய பதிப்புகளில் இந்த அமைப்பு உள்ளது.

அதற்காகக் கையெழுத்துப் பயிற்சியைக் கைவிடலாகாது; நம் பரீட்சைகள் இன்னும் தாளில்தான் நடக்கின்றன. நாளுக்குப் பத்து நிமிடம், ஒரு நேரத்தில் இரண்டு மூன்று எழுத்துகள் போதும். பிள்ளை எழுதும் கையைப் பக்கவாட்டிலிருந்து கைத்தொலைபேசியில் படம்பிடித்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால், "இ" எந்த இடத்தில் தொடங்குகிறது, பென்சில் எங்கே தேவையின்றி தூக்கப்படுகிறது, விரல் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதெல்லாம் தெளிவாகும். திரையில் விரலால் எழுதி எழுத்தாக மாற்றும் வசதி ஊக்கம் தருமேயன்றிப் பயிற்சி தராது: கோணலாகவோ தலைகீழ் ஒழுங்கிலோ எழுதினாலும் அது பெரும்பாலும் சரியாகப் புரிந்துகொள்வதால், தவறான பழக்கம் அப்படியே நிலைத்துவிடும்.

பாடசாலையில் மாணவர் கைத்தொலைபேசி வைத்திருக்க பொதுவாக இடமில்லை. எனவே வகுப்பாசிரியரிடம் கேட்க வேண்டியது சிறியது: கரும்பலகையில் உள்ளதை ஆசிரியரே படமெடுத்து அனுப்பவும், வீட்டு வேலையை அச்சிட்டுக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளவும் இசைவாரா என்பதே. கையால் எழுதிய பக்கமொன்றையும் அதே விடயத்தைத் தட்டச்சிட்ட பக்கத்தையும் திகதியிட்டுக் கொண்டுசென்றால் நீண்ட விளக்கம் தேவைப்படாது. இந்தக் கோப்பைத் தொடர்ந்து பேணுங்கள். விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கான மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் கோரும்போது, மருத்துவ அறிக்கையுடன் பாடசாலை ஊடாக முன்கூட்டியே விண்ணப்பிக்க அது துணையாக இருக்கும்.