கர்ப்பகால லிகமென்ட் வலி: தும்மல் முதல் பிரசவ அறை வரை

நான்காம் மாதம் தாண்டியதும் தும்மினால் அடிவயிற்றின் ஓரத்தில் சுருக்கென்று இழுக்கும். ஏழாம் மாதத்தில் புரண்டு படுத்தால், தொடைகள் சேரும் இடத்தில் எலும்பே பிளப்பது போல வலிக்கும். இரண்டையும் இடுப்பு வலி என்று ஒரே கணக்கில் சேர்த்து, “பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்” என்று சொல்லிவிடுவார்கள். பிறந்தால் பெரும்பாலும் சரியாகும், உண்மைதான். அதுவரைக்கும் தினமும் கட்டிலை விட்டு எழுந்தாக வேண்டுமே?

எனக்கு இரண்டு வலியும் அடுத்தடுத்து வந்தன. மாத்திரையைவிட, உடம்பை அசைக்கும் விதத்தை மாற்றியதுதான் அதிகம் உதவியது. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில்: எப்போது இந்தப் பதிவை மூடிவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும்

வயிறு விட்டுவிட்டு, ஒரே இடைவெளியில் இறுகுவது (குறிப்பாக 37 வாரத்துக்கு முன்), ரத்தக் கசிவு, நீர் வடிவது, காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், குழந்தையின் அசைவு குறைவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அது லிகமென்ட் (உறுப்புகளையும் மூட்டுகளையும் பிடித்துவைக்கும் நார்) வலி என்று நாமே முடிவுகட்டக் கூடாது. ஓய்வெடுத்தும் அடங்காத வலிக்கும் இதே விதி.

படி 1: எந்த வலி என்று பிரித்துப் பாருங்கள்

கர்ப்பப்பையின் மேல் மூலைகளில் இருந்து பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நார்கள் புறப்பட்டு, தொடை இடுக்கு வழியாக இறங்கி, பிறப்புறுப்பின் வெளி இதழ் வரை போகின்றன. இவைதான் ரவுண்ட் லிகமென்ட். வயிறு பெரிதாகப் பெரிதாக இவையும் நீள்கின்றன. நீண்டு முறுக்கேறி இருக்கும் நாரை, திடீரென்று எழுவதோ இருமுவதோ சிரிப்பதோ வெடுக்கென்று இழுத்துவிடுகிறது. அதனால் இந்த வலி கூர்மையாக, ஒரு பக்கமாக வரும். சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ போய்விடும். பெரும்பாலும் 14 முதல் 27 வாரங்களுக்குள் தலைகாட்டும். வளரும் கர்ப்பப்பை பொதுவாகச் சற்று வலப்பக்கம் திரும்புவதால் வலது பக்கம் கூடுதலாகத் தெரியலாம். ஆனால் வலப்பக்க வலி விடாமல் இருந்து, கூடவே வாந்தியும் காய்ச்சலும் வந்தால் குடல்வால் அழற்சியா என்று பார்த்தாக வேண்டும்.

இரண்டாவது, இடுப்பு வளைய மூட்டுகளின் வலி. மருத்துவமனைத் தாளில் பெல்விக் கர்டில் பெயின் என்று எழுதுவார்கள். கர்ப்பிணிகளில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. முன்னால் அந்தரங்க எலும்புகள் சேரும் இடத்திலோ, பின்னால் முதுகின் அடியில் இரண்டு குழிகள் தெரியுமே, அந்த இடத்திலோ வலிக்கும். ஒற்றைக் காலில் நின்றால், படி ஏறினால், கால்களை அகட்டினால் கூடும். சிலருக்கு உள்ளே ‘களுக்’கென்று சத்தமும் கேட்கும்.

எல்லாப் பழியையும், மூட்டு நார்களைத் தளர்த்தும் ரிலாக்சின் என்ற ஹார்மோன் மேல் போடுவது வழக்கம். அதன் அளவோ முதல் மூன்று மாத முடிவில்தான் உச்சத்தில் இருக்கிறது; வலி பலருக்கும் அதற்கு வெகு பின்னரே வருகிறது. முன் மூட்டின் இடைவெளி சாதாரணமாக 4–5 மில்லிமீட்டர், கர்ப்பத்தில் இன்னும் 2–3 மில்லிமீட்டர் கூடும். அவ்வளவு கூடியும் வலியே இல்லாதவர்கள் நிறைய. ஹார்மோனை நம்மால் மாற்ற முடியாது. இரண்டு பக்கமும் சமமாக எடை ஏறும்படி அசைவதை மாற்ற முடியும். கீழே சொல்லப்போவது எல்லாம் அதைச் சுற்றித்தான்.

படி 2: தும்மலுக்கு முன்னால்

ரவுண்ட் லிகமென்ட் வலிக்கு இது ஒன்றே பாதி மருந்து. தும்மல் வருவது தெரிந்தவுடன் இடுப்பை மடக்குங்கள். உட்கார்ந்திருந்தால் முன்னால் குனியுங்கள். நின்றிருந்தால் முழங்காலைச் சற்றே மடக்கிக் குனிந்து, ஒரு கையால் வயிற்றை அடியிலிருந்து தாங்கிக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுத்திருந்தால் முழங்கால்களை மேலே இழுத்துக்கொள்ளுங்கள். மடங்கிய இடுப்பில் நார் தளர்ந்து இருக்கும். இழுபட இடம் இருக்கும்.

வலி வந்தேவிட்டால்? நடையை நிறுத்துங்கள். வலிக்கும் பக்கமாக லேசாகச் சாயுங்கள், அல்லது வலிக்காத பக்கம் படுத்து, வயிற்றுக்கு அடியில் ஒரு சிறு தலையணை செருகுங்கள். அடங்கிவிடும். இனிமேல் வருவது எல்லாம் இரண்டாம் வகைக்கு.

படி 3: முழங்கால்கள் சேர்ந்தே போகட்டும்

கட்டிலில் இருந்து, காரில் இருந்து, நாற்காலியில் இருந்து எழும்போதெல்லாம் இரண்டு முழங்கால்களும் ஒட்டியே திரும்ப வேண்டும். காரில் ஏற முதலில் இருக்கைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுங்கள். இருக்கையில் வழுக்கும் பை ஒன்றைப் போட்டுக்கொண்டால் திரும்புவது சுலபம். வண்டி புறப்படுவதற்குள் அதை எடுத்துவிடுங்கள்.

உள்ளாடை, பேன்ட், சாக்ஸ், எல்லாம் உட்கார்ந்துதான். நின்றுகொண்டு ஒற்றைக் காலைத் தூக்குவது இந்த வலிக்கு நேர் எதிரி. படிக்கட்டில் ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். படிக்குப் படி இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது ஒவ்வொரு அடியும் சிறியதாக இருக்கட்டும். கால்மேல் கால் போடுவது, சம்மணம், குத்தவைத்து உட்காருவது ஆகியவை வலியைக் கூட்டினால் விட்டுவிடுங்கள். கர்ப்பத்தில் குத்தவைத்து உட்காருவது நல்லது என்று யாராவது அழுத்திச் சொல்வார்கள். வலி இல்லாதவர்களுக்கு நல்லதுதான். முன் மூட்டு வலிப்பவர்களுக்கு இல்லை.

படி 4: புரண்டு படுப்பது

எனக்கு ரொம்ப நாள் கைவராதது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். “முழங்காலை ஒட்டிவைத்துப் புரளுங்கள்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் அதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்வதில்லை. இடது பக்கமிருந்து வலது பக்கம் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

1. அசைவதற்கு முன் முழுதாக விழித்துக்கொள்ளுங்கள். அரைத்தூக்கத்தில் மேல் கால்தான் முதலில் போகும், உடம்பு பின்னால் வரும். கால்கள் அகலும் அந்த ஒரு நொடியில்தான் வலியில் உயிர் போகிறது.
2. இரண்டு முழங்காலையும் மடக்கி, அவற்றுக்கு நடுவில் வைத்துப் படுத்திருக்கும் தலையணையை (எப்படிப்பட்டது என்று கீழே) மெல்ல அழுத்துங்கள். தலையணை விழக் கூடாது, அவ்வளவு அழுத்தம் போதும்.
3. மூச்சை உள்ளே இழுங்கள். வெளியே விடும்போது, சிறுநீரை அடக்குவது போல அடித்தளத் தசையை இறுக்குங்கள். இந்த இறுக்கம் மூட்டை உள்ளிருந்து பிடித்துக்கொள்கிறது. நான் தவிர்த்துக்கொண்டே இருந்த பகுதி இது. சேர்த்த பிறகு வித்தியாசம் அன்றே தெரிந்தது.
4. மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே தலை, தோள், இடுப்பு, முழங்கால் எல்லாம் ஒரே நேரத்தில் உருளட்டும், மரக்கட்டை உருளுவது போல. மேல் கையால் கட்டில் விளிம்பைப் பிடித்து இழுத்தால் இடுப்புக்கு வேலை குறையும்.
5. மல்லாந்த நிலையில் தங்காமல் அடுத்த பக்கம் போய்விடுங்கள். 28 வாரத்துக்குப் பிறகு தூங்கப் போகும்போது ஒருக்களித்துப் படுக்கத்தான் சொல்கிறார்கள்.

மல்லாந்து போவதே வலித்தால், எதிர்வழி இருக்கிறது: எழுந்து கை, முழங்கால் ஊன்றி நின்று, அப்படியே அடுத்த பக்கம் சாய்ந்து படுப்பது. பார்க்கக் கேலியாக இருக்கும். வேலை செய்யும்.

அப்புறம், படுக்கை. பருத்தி விரிப்பில் பருத்தி உடை ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு புரளலிலும் இடுப்பைத் தூக்க வேண்டியிருக்கிறது. சாட்டின் போல வழுக்கும் துணியில் இரவு உடை போதும். விரிப்பும் உடையும் இரண்டும் வழுக்கினால் கட்டிலில் இருந்தே இறங்கிவிடுவீர்கள்.

தலையணை பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. யு வடிவப் பெரிய கர்ப்பகாலத் தலையணையை எனக்குப் பிடிக்கவில்லை. படுக்க சுகம், புரள நரகம். ஒவ்வொரு முறையும் அதைத் தாண்ட வேண்டும். சாதாரண நீளத் தலையணை ஒன்று, சற்றே கெட்டியாக, முழங்காலில் இருந்து கணுக்கால் வரை எட்டுவதாக இருந்தால் போதும். முழங்காலுக்கு மட்டும் வைத்துப் பாதத்தைத் தொங்கவிட்டால் இடுப்பு உள்பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

எழுவதற்கும் இதே கதை. ஒருக்களித்து, முழங்கால்களைச் சேர்த்துக் கட்டில் ஓரத்தில் இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழுங்கள். நேராக எழ முயலாதீர்கள்.

படி 5: பெல்ட்

நடக்க, நிற்க உதவும், குணப்படுத்தாது. மூட்டு வலிக்கு வயிற்றைத் தூக்கும் அகலமான பெல்ட்டைவிட, இடுப்பெலும்பைச் சுற்றி இறுக்கும் குறுகிய பெல்ட் மேல் என்பது என் அனுபவம். வயிற்றுக்குக் கீழே, தாழ்வாக, தொடையெலும்பின் பக்கவாட்டு முட்டுகளுக்குச் சற்று மேலே உட்கார வேண்டும். படுத்த நிலையில் போட்டால் சரியான இடத்தில் அமரும். உள்ளங்கை நுழைய வேண்டும். மூச்சு முட்டினாலோ கால் மரத்தாலோ தளர்த்துங்கள். வேலை இருக்கும்போது போட்டு, உட்கார்ந்ததும் கழற்றுங்கள். தூங்கும்போது வேண்டாம்.

படி 6: உடற்பயிற்சி

கை, முழங்கால் ஊன்றி, முதுகை மெல்ல மேலே வளைத்துப் பழைய நிலைக்கு வருவது. அடித்தளத் தசையை இறுக்கித் தளர்த்துவது. உட்கார்ந்தபடி முழங்கால்களுக்கு நடுவே மென்மையான பந்தை வைத்து ஐந்து நொடி அழுத்துவது, வலிக்காத அளவுக்கு. எனக்கு இந்த மூன்று போதும். கால்களைப் பிரிக்கும் பயிற்சிகளை யூட்யூப் பார்த்துச் செய்யாதீர்கள். ஒரே ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் உங்கள் இடுப்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். நீச்சல் நல்லது, ஆனால் தவளைபோல் காலை அகட்டி உதைக்கும் முறையைத் தவிர்த்துவிடுங்கள். தண்ணீரில் நடந்தாலே இடுப்பின் பாரம் குறையும்.

சூடும் மாத்திரையும்

முதுகின் அடியில் இளஞ்சூட்டு ஒத்தடம் சரி. உடம்பு முழுவதையும் சூடாக்கும் வெந்நீர்த் தொட்டியும் சௌனாவும் வேண்டாம். முன் மூட்டுக்கு, துணியில் சுற்றிய ஐஸ் பை பத்து நிமிடம் வைத்தால் எனக்கு நன்றாக இருந்தது. மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவர் பெரும்பாலும் முதலில் சொல்வது பாராசிட்டமால். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றை நாமாக எடுக்கக் கூடாது: குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்பதால், 20 வாரத்தில் இருந்தே தவிர்க்கும்படி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020இல் எச்சரித்தது. தடவும் ஜெல்லிலும் டைக்ளோஃபினாக் இருப்பது உண்டு. டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

படி 7: பிரசவ அறைக்கு ஒரு அளவு

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 36 வாரம் போல, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழங்கால்களை மெல்ல அகட்டுங்கள். வலி தொடங்குவதற்குச் சற்று முன் நிறுத்தி, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை டேப்பால் ஒருவர் அளக்கட்டும். அந்த எண்ணை உங்கள் மருத்துவ ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். முதுகில் எபிடூரல் ஊசி போட்டுக்கொண்டால் வலி தெரியாது. கால்களை எல்லை மீறி அகட்டினாலும் உங்களுக்குத் தெரியாது. உடன் இருப்பவருக்கு அந்த எண் தெரிந்திருந்தால் அவர் பார்த்துக்கொள்வார். ஒருக்களித்தோ, கை முழங்கால் ஊன்றியோ பிரசவிக்க முடியுமா, உள்பரிசோதனையை ஒருக்களித்த நிலையில் செய்ய முடியுமா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். இந்த வலி இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவைப்படுவது அரிது.

கருத்துகளைப் பார்த்துச் சேர்த்தவை

கை ஊன்றினால் மணிக்கட்டு வலிக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கர்ப்பத்தில் மணிக்கட்டு வீங்கி நரம்பு அழுந்துவது சகஜம். முழங்கையை ஊன்றி, நெஞ்சுக்கு அடியில் தலையணைகளை அடுக்கிக்கொள்ளுங்கள்.

மூத்த குழந்தையைத் தூக்காமல் எப்படி இருப்பது? ஒரு பக்க இடுப்பில் வைப்பதுதான் பிரச்சினை. நீங்கள் சோபாவில் உட்கார்ந்துவிடுங்கள், குழந்தை தானாக ஏறி மடிக்கு வரட்டும். கட்டாயம் தூக்க வேண்டியிருந்தால் நெஞ்சோடு நடுவில்.

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு: நாற்காலியை உயர்த்தி, முழங்காலைவிட இடுப்பு சற்று மேலே இருக்கும்படி வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்தால் போதும். எழும்போது முழங்கால்கள் ஒட்டித்தான்.

பிரசவத்துக்குப் பிறகும் வலிக்கிறது என்ற கேள்விக்கு: பலருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும், சிலருக்கு மாதங்கள் ஆகும். அந்த நாள்களிலும் புரளும் முறையையும் படிக்கட்டு முறையையும் தொடருங்கள், குழந்தைக்குத் துணி மாற்றுவதை இடுப்பு உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரப் பரிசோதனையில் நடக்கவே சிரமம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி பிசியோதெரபிக்கு எழுதி வாங்குங்கள். அடுத்த கர்ப்பத்தில் இந்த வலி திரும்ப வர வாய்ப்பு அதிகம், அதனால் அப்போது முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.