கேரவனுக்கு டோ பார் பொருத்துகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு முகாம் திடலில், வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடான கேரவனைப் புதிதாக வாங்கிய ஒருவர் தம் ஃபோர் வீல் டிரைவ் வாகனத்தின் பின்சக்கரத்தருகே மண்டியிட்டு, சிறிய கம்ப்ரஸரைக் கொண்டு பின் சஸ்பென்ஷனில் இருந்த காற்றுப் பைகளை நிரப்பிக்கொண்டிருந்தார். தாழ்ந்து கிடந்த பின்பகுதி மெல்ல எழுந்து கேரவனோடு ஒரே மட்டத்துக்கு வந்தபோது அவர் முகத்தில் படர்ந்த நிம்மதியை நான் நன்கறிவேன். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நானும் அதே நிம்மதியோடு எழுந்து நின்றவன். அந்த நிம்மதி எனக்கு ஒரு வளைந்த சேசிஸில், அதாவது வாகனத்தின் வளைந்த அடிச்சட்டத்தில், போய் முடிந்தது. அவரிடம் சொன்னதையும், நேரமின்மையால் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

டோ பார் என்பது கேரவனை இழுக்க வாகனத்தின் பின்புறம் பொருத்தும் இரும்புச் சட்டம்; அதிலிருந்து நீளும் நாக்குத் துண்டின் முனையில் இருக்கும் உருண்டைதான் டோ பால்; கேரவனின் முன்முனையிலுள்ள கப்ளிங் அதன்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். கப்ளிங் பூட்டிக்கொண்டதா, விளக்குகள் எரிகின்றனவா, ஜாக்கி சக்கரம் மேலே தூக்கப்பட்டதா என்பன போன்றவற்றை எல்லாக் கையேடுகளும் சொல்லிவிடுவதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

காலி வண்டியில் உயரத்தை அளப்பது

டோ பாலின் உயரத்தைத் தீர்மானிக்கும்போது பெரும்பாலானோர் வாகனத்தைக் காலியாக நிறுத்தி அளந்து, அந்த அளவுக்கேற்ற நாக்குத் துண்டை வாங்கிவிடுகிறார்கள். வாகனமோ ஒருபோதும் காலியாகக் கேரவனை இழுப்பதில்லை. எரிபொருள், ஆட்கள், கருவிகள் எல்லாம் ஏறியபின் பின்பகுதி இறங்கும்; கேரவனின் மூக்கு டோ பாலில் அமர்ந்தபின் மேலும் இறங்கும். ஆகவே முதலில் கேரவனைச் சமதளத்தில் நிறுத்தி, அதன் சேசிஸ் மீது ரசமட்டம் வைத்து, மட்டமாக நிற்கும்போது கப்ளிங் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். பிறகு பயணத்துக்கு ஏற்றுவதையெல்லாம் வாகனத்தில் ஏற்றி, கேரவனை இணைத்த நிலையில் டோ பால் அந்த உயரத்துக்கு வருமாறு நாக்குத் துண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூக்கு இம்மியளவு தாழ்ந்திருந்தால் பாதகமில்லை. மேல்நோக்கியிருந்தால் இரட்டை அச்சுக் கேரவனில் பின் அச்சு தன் பங்குக்கு மேல் சுமக்கும், ஓட்டத்தில் அலையவும் தொடங்கும்.

ஐரோப்பிய விதிகள் சாதாரணக் கார்களுக்கு, சுமை ஏற்றிய நிலையில், டோ பாலின் மையம் தரையிலிருந்து 350 முதல் 420 மி.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. கரடுமுரடான பாதைகளுக்கென உருவான வாகனங்களுக்கு அந்த வரம்பிலிருந்து விலக்கு உண்டு. அதனால்தான் காருக்கென வடிவமைத்த கேரவனை ஃபோர் வீல் டிரைவில் மாட்டும்போது இந்த உயர வேறுபாடு தலைதூக்குகிறது. சஸ்பென்ஷனை உயர்த்திப் பெரிய டயர்களும் போட்டவர்கள் பழைய நாக்குத் துண்டையே வைத்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். உயர்த்திய அன்றே அந்த அளவு செல்லாமல் போய்விட்டது.

தகட்டிலுள்ள பெரிய எண்ணை மட்டும் படிப்பது

வாகனம், டோ பார், நாக்குத் துண்டு, டோ பால், கப்ளிங் ஆகிய ஐந்தில் எது மிகக் குறைந்த எடையைத் தாங்குமோ அதுவே உங்கள் வரம்பு. டோ பாரில் பதித்த தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும்; இழுக்கும் எடை ஒன்று, டோ பாலின் மேல் செங்குத்தாக இறங்கும் சுமை மற்றொன்று. சில வாகனங்களில் இழுக்கும் எடை கூடினால் அனுமதிக்கப்படும் டோ பால் சுமை குறைந்துவிடும். அதைத் தகடு சொல்லாது, கையேடுதான் சொல்லும்.

தாழ்ந்த பின்பகுதியைக் காற்றால் தூக்கி நிறுத்துவது

இத்தனை ஆண்டுகள் கழிந்தும் எனக்கு ஆறாத தவறு இதுதான். இதைத் தவறென்று சொல்லாமல் தீர்வென்று விற்பவர்கள் இன்னும் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டோ பால் பின் அச்சுக்கு நேர்மேலே இருப்பதில்லை, அதற்கு வெகு பின்னே இருக்கிறது. எனவே அங்கே இறங்கும் சுமை வாகனத்தை ஒரு நெம்புகோலைப் போல இயக்குகிறது: பின் அச்சு தாங்குபுள்ளியாகிறது, பின்முனை கீழே அழுந்துகிறது, முன்சக்கரங்களின் மேலிருந்த எடை குறைகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3100 மி.மீ., பின் அச்சிலிருந்து டோ பாலுக்கு 1240 மி.மீ., டோ பால் சுமை 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 250-ஐ 1240-ஆல் பெருக்கி 3100-ஆல் வகுத்தால் 100 வருகிறது. முன் அச்சு 100 கிலோவை இழக்கிறது. பின் அச்சின் மேல் கூடுவது 250 அன்று, 350 கிலோ. மிதிவண்டி மாட்டவோ உதிரிச் சக்கரத்துக்கு இடம் விடவோ நாக்குத் துண்டை 250 மி.மீ. நீட்டினால், கேரவனில் ஒரு கிலோகூடக் கூடாமலே, முன் அச்சின் இழப்பு 120 கிலோவாகிறது.

இப்போது காற்றுப் பைகளை நிரப்புங்கள். பின்பகுதி எழும், கேரவன் மட்டமாகும், பார்வைக்கு எல்லாம் சரியாகிவிடும். முன் அச்சு இழந்த 100 கிலோ மட்டும் திரும்பி வருவதில்லை. பின் அச்சின் சுமையும் அப்படியே நிற்கிறது. தாழ்ந்த பின்பகுதி வாகனம் நமக்குக் கொடுத்த எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையைத்தான் நாம் காற்றடித்து மறைத்துவிடுகிறோம்.

என்னுடையது பட்டை ஸ்பிரிங் கொண்ட இரட்டைக் கேபின் பிக்கப். டோ பார் பொருத்திக்கொடுத்த கடையில், பின்பக்கம் இறங்குகிறதே என்று நான் கேட்டதும் எடையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் காற்றுப் பைகளை எடுத்து நீட்டினார்கள். நானும் மறுவார்த்தை பேசாமல் வாங்கினேன். பட்டை ஸ்பிரிங் தன் சுமையைச் சேசிஸின் இரண்டு இடங்களில், முன் கொளுவியிலும் பின் கொளுவியிலுமாகப் பிரித்துக் கொடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே காற்றுப் பையைச் செருகியதும், சுமையின் பெரும்பகுதி அச்சுக்கு நேர்மேலே ஒரே புள்ளியில் முட்டுகிறது. அந்தப் புள்ளிக்குப் பின்னால் நீண்டு நிற்கும் சேசிஸ், முனையில் கனம் தொங்கும் கம்பியாகிவிடுகிறது. பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் கேரவனின் மூக்கு கொடுக்கும் அடி, நின்ற நிலையில் அளந்த 250 கிலோவைவிடப் பன்மடங்கு பெரியது.

ஸ்டீயரிங் லேசாகிவிட்டதை முதல் பயணத்திலேயே உணர்ந்தேன். பக்கக் காற்றில் முன்பகுதி விலகியதையும் கவனித்தேன். இரண்டையும் புது டயர்களின் தலையில் போட்டேன். அலையலையாகக் கிடந்த ஒரு மண்சாலையில் மூன்று நாள் ஓட்டிய பிறகு, வண்டியைக் கழுவும்போதுதான் கேபினுக்கும் சரக்குத் தொட்டிக்கும் இடையிலான சந்து கண்ணில் பட்டது. அடிப்பக்கம் ஒரு விரல் நுழையும் அகலம். மேல்பக்கம் இரண்டு விரல்கள் தாராளமாக நுழைந்தன. அடியில் படுத்துப் பார்த்தேன்: காற்றுப் பையின் தாங்கிக்கு மேலே சேசிஸின் பக்கவாட்டுச் சுவரில் பெயின்ட் மெல்லிய சுருக்கங்களாக மடிந்திருந்தது, அதன் நடுவே துருவேறிய மயிரிழைக் கீறல் ஒன்று ஓடியது. தொட்டியைக் கழற்றி, சேசிஸை நிமிர்த்தி, தகடு வைத்து வலுவூட்டி முடிக்க ஆறு வாரங்கள் ஆயின. உத்தரவாதத்தில் அது சேரவில்லை. வாகனத்தின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையையே நான் மீறியிருந்தேன் என்பது அப்போதுதான் எடை மேடையில் தெரியவந்தது.

மொத்த எடைக் கணக்கைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. டோ பால் சுமை கேரவனின் கணக்கில் மட்டும் சேர்வதன்று. இணைத்த கணத்திலிருந்து அது வாகனம் சுமக்கும் எடையுமாகும். ஒரு வாகனம் 700 கிலோ ஏற்றலாம் என்றிருந்தால், 250 டோ பாலுக்கு, 300 நான்கு பேருக்கு, 50 டோ பாருக்கும் நாக்குத் துண்டுக்கும் போக, மிஞ்சுவது 100 கிலோ. முன்புற இரும்புத் தடுப்பும், கூரைக் கூடாரமும், இரண்டாம் எரிபொருள் தொட்டியும் உள்ளவருக்கு அதுவும் மிஞ்சாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பயணத்துக்கு ஏற்றுவதையெல்லாம் ஏற்றி எடை மேடைக்குச் செல்லுங்கள். கேரவன் இல்லாமல் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே எடை போடுங்கள். பிறகு கேரவனை இணைத்து அதே இரண்டு அச்சுகளையும் மறுபடி எடை போடுங்கள். இந்த நான்கு எண்களும் கையில் இல்லாதவரை வேறெந்த உதிரிப்பொருளும் வாங்க வேண்டாம். வீட்டில் செய்யக்கூடியது, முன்சக்கர வளைவின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை இணைப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து குறித்துக்கொள்வது. எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்கு முன் அச்சு எடையை இழந்திருக்கிறது.

அந்த இழப்பை மீட்டுத் தருவது எடையைப் பகிரும் ஸ்பிரிங் கம்பிகள். அவை இணைப்பையே முறுக்கிப் பிடித்து, சுமையின் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் மற்றொரு பகுதியைக் கேரவனின் சக்கரங்களுக்கும் தள்ளுகின்றன. எல்லா வாகனங்களுக்கும் அவற்றைத் தயாரிப்பாளர் அனுமதிப்பதில்லை. அனுமதிக்கும் இடத்தில் முன்பகுதியை எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்பதைக் கையேட்டின்படியே வைக்க வேண்டும். கூடுதலாக இறுக்கினால் பின்சக்கரங்களின் பிடி குறைந்துவிடும். செங்குத்தான ஓடைச் சரிவுகளைக் கடக்கும் முன் அவற்றைத் தளர்த்திவிடுவதும் அவசியம். காற்றுப் பையும் இருந்தால், அதைக் குறைந்தபட்ச அழுத்தத்தில் வைத்துவிட்டுக் கம்பிகளைச் சரிசெய்ய வேண்டும். சுருள் ஸ்பிரிங்குக்குள் அமரும் காற்றுப் பைகள் ஸ்பிரிங் தாங்கும் அதே இடத்தில்தான் தாங்குவதால் சேசிஸுக்கு அவ்வளவு கேடில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முன் அச்சு இழந்த எடையை அவையும் திருப்பித் தருவதில்லை.

இதற்கு அஞ்சி, டோ பால் சுமையைக் குறைப்பதற்காகக் கேரவனின் பின்கோடியில் கனத்தை அடுக்குபவர்களும் உண்டு. அது ஆளைக் கொல்லும். மூக்கு லேசாகி வால் கனத்த கேரவன், ஒரு லாரி முந்திச் செல்லும் காற்றுக்கே ஊசலாடத் தொடங்கும். அந்த ஆட்டம் வேகத்தோடு வளரும். கனரகக் கேரவன்கள் ஓடும் ஆஸ்திரேலியாவில் கேரவன் எடையின் பத்தில் ஒரு பங்கும், வட அமெரிக்காவில் 10 முதல் 15 விழுக்காடும் டோ பாலில் இருக்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. ஐரோப்பாவின் இலகு கேரவன்களுக்கு 5 முதல் 7 விழுக்காடு. சுமை அதிகமென்றால் கேரவனில் ஏற்றுவதைக் குறையுங்கள்; கனமானவற்றை அச்சுக்கு மேலே தாழ்வாக வையுங்கள். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் 90 லிட்டர் என்பது 90 கிலோ.

50 மி.மீ.யும் இரண்டு அங்குலமும் ஒன்றென நினைப்பது

இரண்டு அங்குலம் 50.8 மி.மீ. 50 மி.மீ. கப்ளிங் இரண்டு அங்குல டோ பாலில் முழுதாகப் பூட்டாது, இரண்டு அங்குலக் கப்ளிங் 50 மி.மீ. டோ பாலில் ஆடும்.

எல்லா டோ பாலுக்கும் கிரீஸ்

உராய்வுப் பட்டைகளால் ஆட்டத்தை அடக்கும் கப்ளிங் என்றால் டோ பாலில் கிரீஸும் இருக்கக் கூடாது, பெயின்ட்டும் இருக்கக் கூடாது.

விளக்குக் கம்பியில் ஒட்டுப் போடுவது

பழைய வாகனங்களில் பின்விளக்குக் கம்பியைக் கீறி டிரெய்லர் பிளக்குக்கு இணைப்பு எடுத்தவர்கள், இன்றைய வாகனங்களிலும் அதையே செய்கிறார்கள். இப்போது அந்தக் கம்பிகளில் ஓடும் மின்னோட்டத்தை வாகனத்தின் கணினி கண்காணித்துக்கொண்டிருப்பதால், கூடுதல் விளக்குகளைப் பிழையென்று எடுத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், வாகனத்துக்குரிய டிரெய்லர் மாட்யூல் எனும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தால்தான், பின்னால் கேரவன் இருப்பதை அறிந்து அதன் ஆட்டத்தை அடக்கும் பிரேக் வசதி பல வாகனங்களில் வேலை செய்யும். கேரவனின் மின் பிரேக்குக்கான கட்டுப்பாட்டுக் கருவியையும் பொருத்திய மறுநாளே நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். ஆளில்லாத சாலையில் 40 கி.மீ. வேகத்தில் அந்தக் கருவியின் கைப்பிடியால் கேரவன் பிரேக்கை மட்டும் இயக்கி, சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்றுக் கீழே அதன் அளவை நிறுத்துங்கள்.

சங்கிலியையும் பிரேக்அவே கம்பியையும் ஒரே இடத்தில் மாட்டுவது

சங்கிலிகள் டோ பாரின் நிலையான கண்களில், கப்ளிங்குக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்ல வேண்டும். இணைப்பு கழன்றால் கேரவனின் மூக்கு தரையைக் குத்தாமல் அந்தக் குறுக்கு அதை ஏந்திக்கொள்ளும். சங்கிலியை மாட்டும் வளையமான ஷாக்கிளில் அது தாங்கும் எடை பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். இணைப்பு கழன்றால் இழுபட்டுக் கேரவனின் பிரேக்கைத் தானே பிடிக்க வைக்கும் பிரேக்அவே கம்பிக்குத் தனி இடம் வேண்டும். கழற்றக்கூடிய நாக்குத் துண்டில் அதை மாட்டினால், நாக்குத் துண்டே கழன்று போகும் நாளில் கம்பியும் கூடவே போய்விடும், கேரவனின் பிரேக் பிடிக்காது.

ஒரு முறை இறுக்கினால் போதுமென விடுவது

போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு, கேரவனோடு சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் இறுக்க வேண்டும். டோ பாலின் அடி நட்டையும் சேர்த்து.

டோ பாலில் கயிறு மாட்டிச் சிக்கிய வண்டியை மீட்பது

ஒருபோதும் வேண்டாம். இழுவிசையில் நீண்டு சுண்டும் கயிற்றின் முனையில் டோ பால் முறிந்தால் அது பீரங்கிக் குண்டைப் போலப் பறக்கும். அவ்வாறு பறந்ததில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். மீட்புக்கென மதிப்பிடப்பட்ட கொக்கியைச் சேசிஸில் தனியே பொருத்திக்கொள்ளுங்கள்.