பெரிய எக்செல் ஷீட்டைப் பிரிண்ட் எடுப்பது எப்படி?

திரையில் ஒழுங்காக இருக்கும் ஷீட், பிரிண்ட் கொடுத்ததும் சிதறிவிடும். கடைசி இரண்டு நெடுவரிசைகள் மட்டும் தனித் தாளில் வரும், இரண்டாம் பக்கத்திலிருந்து தலைப்பு இருக்காது, நடுநடுவே வெற்றுத்தாளும் வரும். வழக்கமான செட்டிங்கில் எக்செல் எதையும் தானாகச் சுருக்காது என்பதே காரணம். 100 சதவீத அளவிலேயே அச்சடித்து, அகலத்தில் மிஞ்சியதைப் பின்னால் வரும் தாள்களுக்குத் தள்ளிவிடும். அகலத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

படி 1: தேவையற்றதை நீக்குங்கள்
கன்ட்ரோல் + எண்ட் அழுத்துங்கள். எக்செல் எதைக் கடைசி செல்லாக நினைக்கிறதோ அங்கே கர்சர் போகும். உங்கள் டேட்டா 300-வது வரிசையில் முடிய, கர்சர் 2000-க்குப் போனால், நடுவில் எங்கோ ஒரு பார்டரோ கலரோ ஸ்பேஸோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெற்றுத்தாள்கள் பெரும்பாலும் இதனால்தான் வருகின்றன. மிஞ்சிய வரிசைகளை முழுதாகத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து டெலீட் கொடுங்கள். கீபோர்டின் டெலீட் பட்டன் எழுத்தை மட்டும்தான் அழிக்கும், பார்டர் அப்படியே நிற்கும். பிறகு ஃபைலை சேவ் செய்யுங்கள்.

படி 2: பிரிண்ட் ஏரியா
அச்சாக வேண்டிய பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, பேஜ் லேஅவுட் டேபில் பிரிண்ட் ஏரியா, செட் பிரிண்ட் ஏரியா கொடுங்கள். பின்னாளில் புதிய வரிசைகளைக் கடைசியில் சேர்த்தால் இந்த எல்லை தானாக நீளாது. மறுபடி செட் செய்ய வேண்டும். 'கடைசிப் பத்து வரி பிரிண்ட்டில் இல்லையே' என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

படி 3: தாளும் அகலமும்
அதே டேபில் சைஸ் ஏ4 என்றும் ஓரியன்டேஷன் லேண்ட்ஸ்கேப் என்றும் வையுங்கள். மார்ஜினில் நேரோ போதும். அடுத்து ஸ்கேல் டு ஃபிட் பகுதியில் விட்த் 1 பேஜ், ஹைட் ஆட்டோமேட்டிக். ஹைட்டையும் 1 பேஜ் ஆக்காதீர்கள். பிரிண்ட் திரையில் உள்ள 'ஃபிட் ஷீட் ஆன் ஒன் பேஜ்' இதைத்தான் செய்கிறது. 300 வரிசைகளை ஒரே தாளில் திணித்தால் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். 11 பாயின்ட் எழுத்து 50 சதவீதத்துக்குச் சுருங்கினால் 5.5 பாயின்ட்தான்.

விட்த் மட்டும் வைத்தும் எழுத்து பொடியாக இருக்கிறதா? தேவையில்லாத நெடுவரிசைகளை மறைத்துவையுங்கள், மறைத்தவை அச்சாகாது. நீண்ட தலைப்புகளுக்கு, எழுத்தை அதே செல்லுக்குள் மடக்கும் ராப் டெக்ஸ்ட் கொடுத்து நெடுவரிசையைக் குறுக்குங்கள். ஏ3 தாள் எடுக்கும் பிரிண்டர் இருந்தால் அதற்கு மாறலாம். ஏ4-ல் 70 சதவீதமாகச் சுருங்கும் ஷீட் ஏ3-ல் ஏறக்குறைய முழு அளவில் வரும். இதுவும் முடியாதென்றால் விட்த்தை 2 பேஜ் ஆக்குவதே நல்லது. படிக்க முடியாத ஒரு தாளை விட, பக்கத்தில் பக்கம் வைத்துப் படிக்கும் இரண்டு தாள்கள் மேல்.

படி 4: தலைப்பு எல்லாப் பக்கத்திலும்
ஸ்க்ரோல் செய்தாலும் தலைப்பை நகராமல் நிறுத்தும் ஃப்ரீஸ் பேன்ஸ் செய்தாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். அது திரைக்கு மட்டும். பேஜ் லேஅவுட்டில் பிரிண்ட் டைட்டில்ஸ் திறந்து, 'ரோஸ் டு ரிப்பீட் அட் டாப்' பெட்டியில் தலைப்பு வரிசையைக் கிளிக் செய்யுங்கள். இரண்டு பக்க அகலம் வைத்தவர்கள் கீழேயுள்ள பெட்டியில் பெயர் அல்லது வரிசை எண் இருக்கும் முதல் நெடுவரிசையையும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் தாளில் எந்த எண் யாருடையது என்றே தெரியாது. பிரிண்ட் திரை வழியாகப் பேஜ் செட்டப் போனால் இந்தப் பெட்டிகள் மங்கலாக இருக்கும். பேஜ் லேஅவுட் வழியாகவே போங்கள்.

படி 5: பார்த்துவிட்டு அச்சடியுங்கள்
வியூ டேபில் பேஜ் பிரேக் ப்ரிவ்யூ திறந்தால் பக்கங்கள் எங்கே பிரிகின்றன என்று நீலக்கோடுகள் காட்டும். இழுத்து நகர்த்தலாம். நீங்களே பேஜ் பிரேக் செருகியும் அது வேலை செய்யவில்லையென்றால், ஸ்கேல் டு ஃபிட் அதைப் புறக்கணிக்கிறது என்று பொருள்.

பிறகு கன்ட்ரோல் + பி. முதல் பக்கத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் ##### வந்தால் அந்த நெடுவரிசையைச் சற்று அகலமாக்குங்கள். திரையில் சரியாக இருந்தும் தாளில் இப்படி ஆவதுண்டு.

கூகுள் ஷீட்ஸில் வேலை இன்னும் சுலபம். பிரிண்ட் திரையில் ஸ்கேலை 'ஃபிட் டு விட்த்' ஆக்கி, ஹெடர்ஸ் அண்ட் ஃபூட்டர்ஸ் பகுதியில் 'ரிப்பீட் ஃப்ரோசன் ரோஸ்' டிக் செய்தால் போதும். அங்கே ஃப்ரீஸ் செய்த வரிசையே தலைப்பாகத் திரும்ப வரும்.