மால்டாவில் டைவிங்: கப்பலுக்கும் குகைக்கும் முன்னால் ஈயக்கட்டி

வேலைக்காக மால்டாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அடுத்த மாதம் இரண்டு நண்பர்கள் டைவிங் செய்ய வருகிறார்கள். அவர்களுக்காக வாட்ஸப்பில் எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால், மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே போடுகிறேன்.

ஓபன் வாட்டர் என்ற அடிப்படை டைவிங் சான்றிதழ் கையில் இருக்கிறது, பத்துப் பதினைந்து டைவ் முடித்திருக்கிறீர்கள், மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதற்குக் கீழே இருப்பவர்கள் முதலில் பயிற்சியை முடித்துவிட்டு வாருங்கள்.

படி 1: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?

இங்கே எந்த இடத்தில் இறங்குவது என்பதை ஆசையைவிடக் காற்றுதான் தீர்மானிக்கும். மால்டா, கோசோ, கொமினோ மூன்றுமே சின்னத் தீவுகள். ஒரு கரை கொந்தளித்தால் மறு கரை பெரும்பாலும் குளம் போல இருக்கும். அடிக்கடி வீசுவது மஜ்ஜிஸ்ட்ரால் என்ற வடமேற்குக் காற்று. அது பலமாக அடித்தால் கோசோவின் மேற்கில் இருக்கும் துவெய்ராவையும் மால்டாவின் வடமேற்கு முனையான சிர்கெவ்வாவையும் மறந்துவிடுங்கள். கோசோவின் தென்கிழக்கில் ம்ஜார் இஷ்-ஷீனி, ஷாட் ல்-அஹ்மர் பக்கம் போகலாம். வடகிழக்கிலிருந்து கிரிகால் வீசினால் நிலைமை தலைகீழ்: வலெட்டா பக்கம் வேண்டாம், துவெய்ரா அமைதியாக இருக்கும். காற்று நின்ற மறுநாளும் அலை மிச்சம் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தண்ணீர் பிப்ரவரியில் 15 டிகிரி, ஆகஸ்டில் 26, 27 டிகிரி. எனக்குப் பிடித்தது அக்டோபர். கூட்டம் குறைந்திருக்கும், தண்ணீரில் கோடையின் சூடு இன்னும் இருக்கும்.

படி 2: சாமான்

சிலிண்டர், பிசிடி (காற்றை ஏற்றியும் இறக்கியும் மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேல்சட்டை), ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். மூன்று சாமானை மட்டும் சொந்தமாக வாங்குங்கள்: முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர் (ஆழமும் நேரமும் காட்டும் மணிக்கட்டுக் கருவி), தடித்த அடி உள்ள பூட்ஸ். மாலத்தீவில் படகிலிருந்து அப்படியே குதித்துப் பழகியவர்களுக்குப் பூட்ஸின் அருமை தெரியாது. மால்டாவில் பெரும்பாலும் கரையிலிருந்துதான் இறங்குகிறோம். அந்தக் கரை மணல் கிடையாது, ரம்பம் மாதிரி அரித்துப் போன சுண்ணாம்புப் பாறை. முதுகில் சிலிண்டரோடு அதன்மேல் நடக்க வேண்டும். அதனால் குதிகால் திறந்த, பூட்ஸின்மேல் பட்டை மாட்டும் ஃபின்தான் (துடுப்புக் காலணி) சரி. வெறுங்காலில் மாட்டும் ஃபின்னை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

டார்ச் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் இரண்டு வேண்டும். கேமரா முதல் நான்கு டைவுக்கு வேண்டவே வேண்டாம். இதில் நான் பிடிவாதமானவன்.

படி 3: எடை

இந்தப் படிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் டைவிங் கற்றது வெதுவெதுப்பான கடலில், 3 மில்லிமீட்டர் வெட்சூட்டில் (குளிர் தாங்கும் ரப்பர் உடை). அந்த உடையோடு அமிழ இடுப்பில் 5 கிலோ ஈயம் போதுமானதாக இருந்தது. மால்டாவில் முதல் டைவ் ஏப்ரலில், 7 மில்லிமீட்டர் சூட்டில். தடித்த சூட் அதிகம் மிதக்கும் என்பது தெரியும். அதனால் 8 கிலோ கட்டிக்கொண்டு, புத்தகத்தில் சொன்னபடி தண்ணீரில் நின்று சோதித்தேன். பிசிடியில் காற்று இல்லை, சாதாரணமாக மூச்சு இழுத்து நிறுத்தியபோது தண்ணீர் கண் மட்டத்துக்கு வந்தது, மூச்சை விட்டதும் மெதுவாக அமிழ்ந்தேன். கனகச்சிதம் என்று நினைத்தேன்.

இடம் துவெய்ராவின் ப்ளூ ஹோல் என்ற பாறைக் கிணறு (படி 5இல் வருகிறது). டைவ் முழுக்கப் பிரச்சினை இல்லை. கடைசியில், மேலே வருவதற்கு முன் பாதுகாப்புக்காகப் பாறைச் சுவரை ஒட்டி 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய கட்டம். சிலிண்டரில் மிச்சம் 50 பார் (காற்றழுத்த அளவு; நிறைந்திருந்தால் 200). மணிக்கட்டில் கம்ப்யூட்டர் 3:00 என்று எண்ண ஆரம்பித்தது. 2:40 ஆவதற்குள் ஆழம் 4.2 என்று காட்டியது. பிசிடியில் இருந்த காற்றை எல்லாம் வெளியேற்றினேன். 3.6. நுரையீரலில் இருந்ததையும் ஊதித் தள்ளினேன், ஒரு கணம் நின்று மறுபடி மேலே போனேன். தலைக்கு மேல் தண்ணீர்ப் பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்துக்கொண்டு நெருங்கியது. கையில் அகப்பட்ட பாறை விளிம்பைப் பிடித்துத் தொங்கினேன். இரண்டு விரலில் தோல் கிழிந்தது. கூட வந்த வழிகாட்டி பார்த்துவிட்டு, தன் பையிலிருந்த 2 கிலோ கட்டி ஒன்றை எடுத்து என் பிசிடி பாக்கெட்டில் போட்டார். அந்த நொடியே உடம்பு அடங்கியது. பாறையிலிருந்து கையை எடுத்தேன். இருந்த இடத்திலேயே இருந்தேன்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2400 லிட்டர் காற்று. 50 பாருக்கு இறங்கும்போது 1800 லிட்டர் தீர்ந்திருக்கும். ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.2 கிராம். ஆக, டைவின் முடிவில் நான் 2 கிலோவுக்கு மேல் இலேசாகிவிட்டேன். சோதித்ததோ நிறைந்த சிலிண்டரோடு!

எனவே இப்படிச் செய்யுங்கள். ப்ளூ ஹோலுக்கோ மூழ்கிய கப்பலுக்கோ முதல் நாளே போகாதீர்கள். ம்ஜார் இஷ்-ஷீனி மாதிரி ஒடுங்கிய, அலையில்லாத ஆழம் குறைந்த குடாவில் ஒரு டைவ் போடுங்கள். நிறைந்த சிலிண்டரோடு கண் மட்டச் சோதனை செய்து, அதன்மேல் 2 கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். டைவ் முடிந்து 50 பார் இருக்கும்போது, இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் பிசிடியைக் காலி செய்துவிட்டு அசையாமல் இருங்கள். அமிழ்ந்தால் ஒவ்வொரு கிலோவாகக் கழற்றிக் கூட்டாளியிடம் கொடுங்கள். மூச்சு இழுத்தால் சற்று மேலே, விட்டால் சற்றுக் கீழே என்று வரும் இடம்தான் உங்கள் எடை. சூட், சிலிண்டர் விவரத்தோடு அதை எழுதி வையுங்கள்.

பயந்துபோய் நாலைந்து கிலோ கூடுதலாகக் கட்டிக்கொள்வதும் தீர்வு இல்லை. கூடுதல் ஈயத்தைத் தூக்கிப் பிடிக்கப் பிசிடியில் கூடுதல் காற்று விட வேண்டிவரும். ஒரு மீட்டர் ஏறினாலும் அந்தக் காற்று விரிந்து உங்களை இன்னும் மேலே தள்ளும், இறங்கினால் சுருங்கிக் கீழே இழுக்கும். கால் தாழ்ந்து தரையைக் கிளறுவீர்கள். நீச்சல்குளத்தில் பார்த்த எடையும் இங்கே உதவாது. உப்புத் தண்ணீரில் 2, 3 கிலோ கூடுதலாகவே தேவைப்படும்.

படி 4: ஆழம் குறைந்த கப்பல்

எடை சரியானதும் கொமினோ பக்கம் பி31. கிழக்கு ஜெர்மனியில் கட்டிய ரோந்துக் கப்பல், 2009இல் டைவிங்குக்காகவே மூழ்கடித்தது. 20 மீட்டருக்குள் மணலில் நேராக உட்கார்ந்திருக்கிறது, வெளிச்சம் தாராளம். இதன் உடன்பிறப்பு பி29 சிர்கெவ்வாவில் இருக்கிறது. 2007இல் மூழ்கடித்தார்கள். அது 30 மீட்டரைத் தாண்டிய ஆழம், அவசரப்படாதீர்கள்.

வலெட்டாவின் செயின்ட் எல்மோ கோட்டைக்குக் கீழே ஏறக்குறைய 15 மீட்டரில் கிடக்கும் எச்எம்எஸ் மாவோரி வேறு ரகம். 1942 பிப்ரவரியில் குண்டுவீச்சில் மூழ்கிய போர்க்கப்பல் இது. பாதிக்கும் மேல் போய்விட்டது, இருப்பதும் துருப்பிடித்து மணலில் புதைந்திருக்கிறது. படம் எடுக்க வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். எனக்கு இது பிடிக்கும். தகட்டு இடுக்கில் ஆக்டோபஸ் ஒன்று கூழாங்கற்களைக் கதவு மாதிரி அடுக்கி வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்ததை அங்கேதான் கண்டேன்.

பவழப் பாறை எங்கே என்று கேட்காதீர்கள். வெப்பக் கடலில் பார்க்கும் பவழத்தோட்டம் இங்கே கிடையாது. சுண்ணாம்புச் சுவர், உருண்டு விழுந்த பாறைகள், இடையிடையே பொசிடோனியா என்ற கடல்புல் வெளி. களவாய் மீனும் சீலாக் கூட்டமும் சுவரோரம் வரும். பாறைமேல் வெள்ளை முடியோடு ஊரும் ஆரஞ்சுப் புழுவைத் தொடாதீர்கள், அந்த முடி தோலில் ஏறினால் எரிச்சல் தாங்காது.

படி 5: ப்ளூ ஹோல், அப்புறம் சுரங்கம்

ப்ளூ ஹோல் என்பது பாறைக்குள் 10 மீட்டர் அகலக் கிணறு. உள்ளே இறங்கி ஒரு பெரிய வளைவு வழியாகத் திறந்த கடலுக்குப் போகலாம். பக்கத்தில் நின்ற அஷூர் விண்டோ என்ற கல் வளைவு 2017 மார்ச் 8இல் புயலில் இடிந்து விழுந்தது. வெளியே தண்ணீருக்குள் கிடக்கும் பிரம்மாண்டமான பாறைகள் அதன் துண்டுகள்தான். உடைந்த முகம் வெள்ளையாக இருந்த காலம் போய் இப்போது பாசியும் மீனும் குடியேறிவிட்டன.

அதே துவெய்ராவில் உள்கடல் என்ற சின்னக் குளம் இருக்கிறது. அங்கிருந்து குன்றைக் குடைந்து ஏறக்குறைய 80 மீட்டர் நீளச் சுரங்கம் வெளிக்கடலுக்குப் போகிறது. போகப்போக ஆழம் கூடும், கடைசியில் நீல வெளிச்சம் ஒரு கதவு போலத் திறக்கும். மால்டாவில் நான் பார்த்ததிலேயே அழகான காட்சி அதுதான். ஆனால் அதே சுரங்கத்தில், உங்கள் தலைக்கு மேலே, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய மோட்டார் படகுகள் போய்வந்துகொண்டே இருக்கும். எடை தவறி ப்ளூ ஹோலில் நான் மிதந்ததுபோல இங்கே மிதந்தால் மேலே காத்திருப்பது புரொப்பெல்லர். படி 3ஐ முடிக்காமல் இங்கே வராதீர்கள். சுரங்கத்தில் தரையை ஒட்டி, சுவரோரமாகப் போங்கள். திரும்பி வருவதற்கும் காற்று இருக்கட்டும்.

குகையைப் பொறுத்தவரை என் விதி ஒன்றுதான்: திரும்பிப் பார்த்தால் பகல் வெளிச்சம் தெரிய வேண்டும். கொமினோவின் சாந்தா மரியா குகைகள் இதற்கு ஏற்றவை. ஆழம் குறைவு, இருபுறமும் வெளிச்சம். ரொட்டிக்குப் பழகிய மீன்கள் முகத்தில் வந்து மோதும், தயவுசெய்து எதையும் போடாதீர்கள். வெளிச்சம் மறையும் குகைகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அது இல்லாமல் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

படி 6: உம் எல் ஃபரூத்

அட்வான்ஸ்டு என்ற அடுத்த கட்டச் சான்றிதழ் இருந்தால் மட்டும். 110 மீட்டர் நீள எண்ணெய்க் கப்பல். 1995 பிப்ரவரி 3 அன்று மால்டா கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெடித்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். 1998இல் தெற்குக் கரையில் வீட் இஸ்-சூரி அருகே மூழ்கடித்தார்கள். பிறகு புயலில் இரண்டாக உடைந்தது. அந்த ஒன்பது பேருக்கு நினைவுப் பலகை கப்பலிலேயே இருக்கிறது. நான் போகும்போதெல்லாம் முதலில் அங்கேதான் போவேன்.

மேல்தளம் 25 மீட்டர் அளவில். அங்கே அழுத்தம் 3.5 பார், மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுபவருக்கு 70 லிட்டர் செலவாகும். கப்பல் கரையிலிருந்து தள்ளி இருக்கிறது, திரும்பி நீந்தவும் காற்று வேண்டும். 12 லிட்டர் சிலிண்டர் என்றால் 100 பாரில் நான் கரைப் பக்கம் திரும்பிவிடுவேன். முடிந்தால் 15 லிட்டர் கேட்டு வாங்குங்கள். உள்ளே நுழைய வேண்டாம், வெளியே சுற்றிப் பார்க்கவே ஒரு டைவ் போதாது. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள்.

பின்சேர்க்கை 1: கண்ணாடி போடுகிறவர் ஒருவர் கேட்டிருந்தார். மாஸ்க்கில் பவர் கண்ணாடி பொருத்தித் தருகிறார்கள், எனக்கும் அதுதான். மாஸ்க்குக்குள் கான்டாக்ட் லென்ஸ் போடுவதைவிட எனக்கு இது நிம்மதி.

பின்சேர்க்கை 2: படி 3இல் சொன்னபடி செய்தும் கடைசியில் மிதந்ததாக ஒரு வாசகர் எழுதினார். விசாரித்ததில், அவர் வாங்கியது அலுமினிய சிலிண்டர். நான் கணக்குப் போட்டது இரும்பு சிலிண்டருக்கு. அலுமினியம் காலியாகக் காலியாக, தானே மிதக்கத் தொடங்கும். அலுமினியம் கொடுத்தால் எழுதி வைத்த எடைமேல் 2 கிலோ கூட்டி, அதே குடாவில் 50 பாரில் மறுபடி சோதித்துப் பாருங்கள். அவரும் மறுநாள் அப்படிச் செய்துவிட்டுத்தான் சுரங்கத்துக்குப் போயிருக்கிறார்.