கோடை நீச்சல் அணியில் பிள்ளையின் முதல் வருடம்: வடக்கு வர்ஜீனியா பெற்றோருக்குப் படிப்படியாக

வடக்கு வர்ஜீனியாவுக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் மே மாதம் வந்தால் கேட்கும் கேள்வி இது: "சம்மர் ஸ்விம் டீம்னு சொல்றாங்களே, அது கிளாஸா, போட்டியா?" போட்டிதான். ஆனால் பந்தயத்தில் கடைசியாக வரும் பிள்ளைக்கும் அதில் இடம் உண்டு. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோச்சுகள் சம்பளத்துக்கு வருபவர்கள், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். மற்ற எல்லா வேலையையும் பெற்றோர்தான் செய்கிறார்கள். பிள்ளையைச் சேர்த்தால் நீங்களும் சேர்ந்ததாகவே அர்த்தம்.

நான் எழுதுவது வடக்கு வர்ஜீனியா நீச்சல் லீக்கை, அதாவது என்.வி.எஸ்.எல்.லை வைத்து. 1956இல் தொடங்கிய லீக் இது. பொட்டோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேரிலாந்தின் மாண்ட்கோமரி கவுண்டியில், இதேபோல் தனி லீக் இருக்கிறது. ஒலிம்பிக்கில் 9 தங்கம் வாங்கிய கேட்டி லெடெக்கி சின்ன வயதில் போட்டிக்கு இறங்கியது அங்கே ஒரு அக்கம்பக்கத்துக் குளத்து அணிக்காகத்தான். இதைச் சொன்னதும் சில அப்பாக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கொஞ்சம் பொறுங்கள், முதலில் பிள்ளை 25 மீட்டரைக் கடக்கட்டும்.

படி 1: சேருவதற்கு முன்

அணி என்பது குளத்தைச் சார்ந்தது. உங்கள் குடியிருப்புக்குக் குளம் இருந்தால் அதன் அணி, இல்லாவிட்டால் பக்கத்தில் உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் குளம். சில குளங்களில் உறுப்பினராகவே காத்திருப்புப் பட்டியல் உண்டு. அதனால் குளிர்காலத்திலேயே விசாரித்து வையுங்கள்.

அணியில் நீச்சலை அ, ஆவிலிருந்து சொல்லித் தரமாட்டார்கள். யாரும் பிடிக்காமல் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எப்படியாவது போகத் தெரிந்தால் போதும். அதுவும் வராத குட்டிகளுக்குப் பல குளங்களில் தனியாக ஒரு சின்னக் குழு வைத்திருப்பார்கள். எது எப்படி என்று டீம் ரெப்பிடம் கேளுங்கள். அணியின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோர்தான் டீம் ரெப். சீசன் முழுக்க உங்கள் கேள்விகள் எல்லாம் போய்ச் சேர வேண்டிய இடமும் அவர்தான்.

வயதுப் பிரிவுகள்: 8 வயது வரை, 9-10, 11-12, 13-14, 15-18. ஜூன் 1 அன்று என்ன வயதோ அதுதான் கோடை முழுக்கக் கணக்கு. ஜூன் 2ஆம் தேதி 9 வயது முடியும் பிள்ளை அந்த வருடம் முழுக்க 8 வயதுக்காரர்களோடுதான் நீந்தும். பக்கத்து வீட்டுப் பிள்ளை மே 30இல் பிறந்திருந்தால் அது பாவம், பெரியவர்களோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

அப்புறம் ஊருக்குப் போகும் விஷயம். சீசன் ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை முடிவோடு ஏறக்குறைய முடிந்துவிடும். நாம் சென்னைக்கும் மதுரைக்கும் டிக்கெட் போடுவதும் அதே ஆறு வாரத்தில்தான். ஒரு வாரம், இரண்டு வாரம் இல்லை என்றால் பரவாயில்லை, ஆனால் தேதிகளை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். ஜூலை 4 ஒட்டிய வார இறுதியில் ஃபெட்னா, அதாவது வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை, விழாவுக்குப் போகிறவர்களும் அப்படியே. கோச் புதன், வியாழனில் பட்டியல் போட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை இரவு "நாளைக்கு வரமாட்டோம்" என்று சொன்னால் நான்கு பேர் சேர்ந்து நீந்தும் ரிலேயில் மற்ற மூன்று பிள்ளைகளின் வாய்ப்பும் சேர்ந்து போய்விடும். ஐந்து வாரம் ஊரில் இருக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வருடம் விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

படி 2: வாங்க வேண்டியவை

நீச்சல் உடை, தொப்பி, கண்ணாடி, துண்டு. உடை இறுக்கமாக இருக்க வேண்டும். "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று ஒரு அளவு பெரிதாக வாங்கும் நம் வழக்கம் இங்கே மட்டும் வேண்டாம். தண்ணீர் உள்ளே புகுந்து பிள்ளையைப் பின்னால் இழுக்கும். உடலை அதிகம் மூடும் உடைதான் வேண்டும் என்றால் அதைப் போட்டியில் போடலாமா என்று டீம் ரெப்பிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடி இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒன்று எப்படியும் காணாமல் போகும்.

நீளமான முடி இருக்கும் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். தொப்பி வழுக்கிக் கழன்றுவிடும். அதற்குப் பதில் குளத்தில் இறங்குவதற்கு முன் நல்ல தண்ணீரில் முடியை நனைத்துவிடுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும்.

படி 3: பயிற்சி எப்படி நடக்கும்

பள்ளிக்குக் கோடை விடுமுறை விடும்வரை மாலையில், பிறகு காலையில். வயதுப் பிரிவுக்கு ஒரு நேரம், குட்டிகளுக்கு முக்கால் மணி நேரம்போல. ஒரு லேனில், அதாவது கயிறு கட்டிப் பிரித்த பாதையில், ஆறேழு பிள்ளைகள் இருப்பார்கள். குளத்தின் தரையில் உள்ள கறுப்புக் கோட்டுக்கு வலப்பக்கமாகவே போய், வலப்பக்கமாகவே திரும்பி வர வேண்டும். முன்னால் போகிறவர் கிளம்பி ஐந்து விநாடி கழித்து அடுத்தவர். முதல் வாரம் பிள்ளைகள் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இந்தப் போக்குவரத்து விதியைத்தான். மோதிக்கொள்வார்கள், அழுவார்கள், சரியாகிவிடும்.

பலகையைப் பிடித்துக்கொண்டு கால் உதைப்பது, சுவரை உந்தி இரு கைகளையும் காதோடு ஒட்டி நீட்டி அம்புபோல் போவது, பிறகு நான்கு ஸ்ட்ரோக்குகள், அதாவது நீச்சல் முறைகள்: ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை. ஜூன் மாதக் காலையில் தண்ணீர் சில்லென்று இருக்கும். உதடு நீலமாகிவிட்டால் கோச்சே வெளியே அனுப்புவார், நீங்கள் கரையிலிருந்து கத்த வேண்டியதில்லை. பொதுவாகவே பயிற்சி நேரத்தில் லேன் ஓரமாக நின்று பிள்ளைக்கு யோசனை சொல்லாதீர்கள். கோச் ஒன்று சொல்வார், அம்மா ஒன்று சொல்வார், நடுவில் பிள்ளை தண்ணீரைக் குடிக்கும்.

இடி கேட்டால் எல்லோரும் வெளியே. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வரை யாரும் இறங்கக் கூடாது. நடுவில் இன்னொரு இடி கேட்டால் அந்த 30 நிமிடம் முதலிலிருந்து தொடங்கும். வர்ஜீனியாவின் ஜூலை மாலைகளில் இது அடிக்கடி நடக்கும்.

படி 4: ஏ மீட், பி மீட்

முதல் போட்டிக்கு முன் டைம் ட்ரையல் நடக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் நேரம் எடுத்து, ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் வரிசைப் பட்டியல் போடுவார்கள்.

சனிக்கிழமைக் காலை நடப்பது ஏ மீட். லீக்கை டிவிஷன்களாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பிரிவில் ஆறு அணிகள், ஆகவே ஐந்து சனிக்கிழமைகளில் மற்ற ஐந்து அணிகளோடும் ஒருமுறை மோதிவிடலாம். ஒவ்வொரு பந்தயத்திலும் அணிக்கு மூன்று பேர்தான். முதலிடத்துக்கு 5 புள்ளி, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 1. ரிலேயில் ஜெயித்த அணிக்கு 5, தோற்ற அணிக்கு ஒன்றுமில்லை. தனிப் பந்தயங்கள் 40, ரிலே 12. கூட்டிப் பாருங்கள், மொத்தம் 420 புள்ளி. 210ஐத் தாண்டும் அணிக்கு வெற்றி.

இந்தக் கணக்கு தெரிந்தால் கோச் செய்யும் பல காரியங்கள் புரியும். ஒரு பிள்ளை அதிகபட்சம் இரண்டு தனிப் பந்தயங்களில்தான் நீந்தலாம். உங்கள் மகள் ஃப்ரீஸ்டைலில் அணியிலேயே இரண்டாவது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் எதிரணியில் அவளைவிட வேகமாக மூன்று பேர் இருக்கிறார்கள். அங்கே நீந்தினால் பூஜ்யம். அதே பிள்ளை பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் மூன்றாவதாக வந்தால்கூட ஒரு புள்ளி. 212-208 என்று முடியும் போட்டிகள் உண்டு, அங்கே அந்த ஒரு புள்ளிக்கு மதிப்பு அதிகம். "என் பெண்ணுக்கு ஃப்ரீஸ்டைல்தான் நல்லா வரும், ஏன் கொடுக்கலை?" என்று கோச்சிடம் போவதற்கு முன் இதை யோசியுங்கள்.

பி மீட் பெரும்பாலும் திங்கள் மாலை. சனிக்கிழமை இடம் கிடைக்காதவர்களுக்கான போட்டி இது. அணிக்கு இத்தனை பேர் என்ற வரம்பு இல்லை. ஒரே பந்தயத்தைப் பல ஹீட்டுகளாக, அதாவது தொகுதிகளாக, பிரித்து ஓட்டுவார்கள். புதுப் பிள்ளைகளுக்கு ஏ மீட்டைவிட இதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். பக்கத்து லேன்காரர்களும் ஏறக்குறைய அதே வேகம், சென்ற வாரத்தைவிட அரை விநாடி குறைந்தாலே கைதட்டல்.

படி 5: போட்டி நாள் காலை

9 மணிக்குப் போட்டி என்றால் ஒரு மணி நேரத்துக்கும் முன்னால் அங்கே இருக்க வேண்டும், வார்ம்-அப் இருக்கிறது. மடக்கு நாற்காலி, தண்ணீர், இரண்டு துண்டு, சீட்டுக்கட்டு. காலையில் இரண்டு இட்லி தாராளமாகப் போதும். பிள்ளை மிச்சத்தைக் கடையில் டோனட்டாக வாங்கிச் சாப்பிட்டுக்கொள்ளும், தடுக்க முடியாது.

பிள்ளையின் கையில் அழியாத மார்க்கரால் ஒரு கட்டம் போட்டு பந்தய எண், ஹீட், லேன் மூன்றையும் எழுதிவிடுவார்கள். ஏ மீட்டில் ஹீட் ஒன்றுதான் என்பதால் பந்தய எண்ணும் லேனும் போதும். சிறுவர்களை வரிசையாக பெஞ்சில் உட்கார வைத்து, குதித்துத் தொடங்கும் மேடைவரை கூட்டிப்போக ஆள் உண்டு. முதலில் சில குட்டி விசில்கள், பிறகு ஒரு நீள விசில், அப்போது மேடையில் ஏற வேண்டும். "டேக் யுவர் மார்க்" என்றதும் அசையாமல் குனிந்து நிற்க வேண்டும், பிறகு ஹாரன். மேடையிலிருந்து குதிக்கப் பயமா? தண்ணீரில் இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டே தொடங்கலாம், அதற்குத் தண்டனை கிடையாது.

படி 6: டிக்யூ வந்தால்

முதல் வருடத்தில் டிக்யூ, அதாவது தகுதி நீக்கம், நிச்சயம் வரும். எங்கே வரும் என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

ஃப்ரீஸ்டைலில் கிட்டத்தட்ட எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம். மூச்சு வாங்கினால் தரையில் நிற்கக்கூட நிற்கலாம், ஆனால் ஓரடியும் நடக்கக் கூடாது. லேன் கயிற்றைப் பிடித்து நிற்கலாம், இழுத்து முன்னேறக் கூடாது. பேக்ஸ்ட்ரோக்கில் சுவரைத் தொடும்வரை மல்லாந்தே இருக்க வேண்டும். சுவர் எங்கே என்று திரும்பிப் பார்க்கப் போய்க் குப்புறப் புரண்டுவிடுவதுதான் குட்டிகள் செய்யும் தப்பு. அதற்காகவே சுவருக்கு 5 மீட்டர் முன்னால் தலைக்கு மேல் கொடித் தோரணம் கட்டியிருப்பார்கள். கொடியிலிருந்து சுவருக்கு எத்தனை கைவீச்சு என்று பயிற்சியில் எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். முன்னால் போகும் பிள்ளை ஆசையில் ஒரு கையை மட்டும் நீட்டித் தொட்டுவிட்டு, முதலிடத்தையே இழப்பதை ஒவ்வொரு வாரமும் பார்க்கலாம். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் இரண்டு காலும் தவளைபோல் ஒன்றாக உதைக்க வேண்டும், ஒரு கால் கத்தரிக்கோலாகப் போனால் டிக்யூ.

நடுவரிடம் நீங்கள் போய் வாதாடக் கூடாது. கேட்க வேண்டியது டீம் ரெப்பின் வேலை. பிள்ளையிடம் டிக்யூ சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கோச் காட்டுவார், செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் அதைத் திருத்துவார்.

படி 7: உங்கள் வேலை

ஒரு சனிக்கிழமை மீட்டை நடத்த இரு அணிகளிலிருந்தும் டஜன் கணக்கில் பெரியவர்கள் வேண்டும். ஸ்டார்ட்டர், ஸ்ட்ரோக் நடுவர், கணக்கு மேசை, ரிப்பன் ஒட்டுபவர், தீனிக்கடை. புதியவர்கள் டைமர் வேலைக்குப் பெயர் கொடுங்கள். குளத்துக்கு மிக அருகில் நிற்கலாம், பிள்ளை உங்கள் லேனில் வந்தால் முதல் வரிசைக் காட்சி.

ஸ்டாப்வாட்சை ஹாரன் சத்தம் கேட்டு அழுத்தாதீர்கள். ஸ்டார்ட்டர் கருவியில் ஒரு விளக்கு மின்னும், அதைப் பார்த்து அழுத்துங்கள். ஒளி உடனே வரும், ஒலி குளத்தைத் தாண்டி வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். வாட்ச் ஓடவில்லையா? உடனே கையைத் தூக்குங்கள், தலைமை டைமர் கூடுதலாக ஓடவிட்ட ஒன்றைத் தருவார். முடிவில் விளிம்புக்கு வந்து குனிந்து பாருங்கள், தொடுவது பல நேரம் தண்ணீருக்கு அடியில் நடக்கும். நனைவீர்கள், பழைய செருப்போடு வாருங்கள். ஒரு லேனுக்கு மூன்று பேர் நேரம் எடுத்தால் நடுவில் உள்ள நேரம்தான் செல்லும், இரண்டு பேர் என்றால் சராசரி. ஆகவே நீங்கள் கொஞ்சம் தடுமாறினாலும் குடி முழுகிவிடாது. கத்தி உற்சாகப்படுத்துவது மட்டும் டைமருக்குக் கூடாது, இதுதான் நம் அம்மாக்களுக்குக் கஷ்டம்.

படி 8: ஜூலை முடிந்த பிறகு

ஐந்து வாரம் கழித்துப் பிரிவின் ஆறு அணிகளும் சேர்ந்து நீந்தும் டிவிஷனல், அதைத் தாண்டி லீக் முழுவதிலும் மிக வேகமானவர்களுக்கு ஆல் ஸ்டார்ஸ். பிறகு விருந்து, கோப்பை, படங்கள்.

பிள்ளை இன்னும் வேண்டும் என்று கேட்டால் குளிர்கால கிளப்புகள் இருக்கின்றன. அது வேறு உலகம், கட்டணமும் வேறு. சேர்க்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். கோடையில் நீந்துவது 25 மீட்டர் குளம், குளிர்காலத்தில் பெரும்பாலும் 25 கெஜம். 25 மீட்டர் என்பது 27 கெஜத்துக்குக் கொஞ்சம் அதிகம். அக்டோபரில் பிள்ளையின் நேரம் திடீரென்று இரண்டு மூன்று விநாடி குறைந்திருந்தால், தாத்தா பாட்டிக்கு போன் போடுவதற்கு முன் குளத்தின் நீளத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.