தாய்லாந்து ரிடையர்மென்ட் எக்ஸ்டென்ஷன்: 8 லட்சம் இருந்தால் மட்டும் போதாது

தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கிறவர்கள் வருடாவருடம் தங்கும் அனுமதியை நீட்டிக்கிற எக்ஸ்டென்ஷனுக்கான நேரம் நெருங்கினால் முதலில் கேட்பது "எவ்வளவு காட்டணும்?" என்பதைத்தான். வயது 50 ஆகியிருக்க வேண்டும், தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாத் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் வர வேண்டும். இரண்டும் முழுதாக இல்லையென்றால் ஒரு வருட வருமானத்தையும் வங்கி இருப்பையும் கூட்டி 8 லட்சம் காட்டவும் விதியில் இடம் உண்டு. தொகை அவ்வளவுதான். ஆனால் திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் பலர் பணம் இல்லாதவர்கள் இல்லை, தேதியைத் தவறவிட்டவர்கள்.

2019-ல் விதி மாறியது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் 2 மாதம் அந்த 8 லட்சம் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும், அனுமதி கிடைத்தபின் இன்னும் 3 மாதம் தொடக்கூடாது, அதற்கப்புறம் எடுக்கலாம், ஆனால் 4 லட்சத்துக்குக் கீழே ஒரு நாள்கூட இறங்கக்கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்டோபர் 1 அன்று விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் ஆகஸ்ட் 1-க்குள் பணம் முழுதாக உள்ளே இருக்க வேண்டும், ஜனவரி 1 வரை அப்படியே கிடக்க வேண்டும், அப்புறம் பாதியைச் செலவழித்தாலும் அடுத்த வருட விண்ணப்பத்துக்காக ஜூலை கடைசிக்குள் மறுபடி 8 லட்சமாக்கிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் வழியில் நாலு நாள் தங்கினாலும் தங்கும், வங்கிக் கட்டணமாகக் கொஞ்சம் பிடித்தாலும் பிடிப்பார்கள், அதனால் பத்து நாள் முன்கூட்டியே, ஒரு பத்தாயிரம் பாத் கூடுதலாகப் போட்டு வைத்துவிடுங்கள். 7,99,800 என்று பாஸ்புக்கில் ஒரு வரி விழுந்தால் அதற்குச் சமாதானம் சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால், வசதி இருக்கிறவர்கள் இந்தப் பணத்துக்கென்றே தனிக் கணக்கு திறந்து, ஏடிஎம் கார்டே வாங்காமல், வருடம் முழுக்க 8 லட்சத்தையும் அப்படியே விட்டுவிடுவது நல்லது. வட்டி ஒன்றும் பெரிதாக வராதுதான், ஆனால் மாதங்களை எண்ணிக்கொண்டிருக்கிற தலைவலி போய்விடும். கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருக்க வேண்டும், மனைவியோடு கூட்டுக் கணக்கு என்றால் சிக்கல்தான். சேமிப்புக் கணக்கும் செல்லும், பிக்சட் டெபாசிட்டும் செல்லும். ஊரில் எத்தனை கோடி வைத்திருந்தாலும் இங்கே அது கணக்கில் வராது.

மாத வருமான வழியில் போகிறவர்களுக்கு வேலை கூடுதல். 12 மாதமும் தவறாமல் வெளிநாட்டிலிருந்து 65,000 பாத்துக்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும், ஒரு மாதம் விட்டுவிட்டு அடுத்த மாதம் இரட்டிப்பாக அனுப்பினால் ஏற்றுக்கொள்ளாத அதிகாரிகள் உண்டு. நாணய மாற்று விகிதம் ஏறி இறங்கும் என்பதால் எப்போதும் சற்று அதிகமாகவே அனுப்புங்கள். சில அனுப்பும் சேவைகளில் பணம் உள்நாட்டுப் பரிமாற்றம் போலப் பதிவாகிவிடும், அப்படியானால் அது வெளிநாட்டுப் பணம் என்று வங்கியிடம் தனியாகக் கடிதம் வாங்க வேண்டிவரும். முன்பு தூதரகத்தில் வருமானக் கடிதம் வாங்கி வேலையை முடித்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா தூதரகங்கள் அதை நிறுத்திவிட்டன.

சரி, காகிதங்கள். வங்கியிடம் இருப்புச் சான்றுக் கடிதமும், 12 மாத ஸ்டேட்மென்ட்டும் கேளுங்கள். சில கிளைகளில் ஸ்டேட்மென்ட் தலைமை அலுவலகத்திலிருந்து வர ஒரு வாரம் ஆகும், அதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். இருப்புச் சான்றுக் கடிதம் மட்டும் புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும். இமிக்ரேஷனுக்குப் போகிற நாள் காலையில் 100 பாத் கணக்கில் போட்டு, பாஸ்புக்கில் அன்றைய தேதி விழும்படி பதிந்து, எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போடுங்கள். மாதக்கணக்கில் பாஸ்புக்கைப் பதியாமல் விட்டால் பல வரிகளைச் சேர்த்து ஒரே வரியாக அச்சடித்துவிடும், அப்போது ஸ்டேட்மென்ட்தான் காப்பாற்றும். இதோடு டி.எம். 7 என்கிற எக்ஸ்டென்ஷன் விண்ணப்பப் படிவம், போட்டோ, முகவரிச் சான்று, 1,900 பாத் கட்டணம். ஒவ்வொரு அலுவலகமும் தனக்கென்று ஒன்றிரண்டு காகிதம் கூடுதலாகக் கேட்கும், அதனால் ஒரு வாரம் முன்பே நேரில் போய் அவர்களுடைய பட்டியலை வாங்கி வந்துவிடுங்கள்.

தங்கும் அனுமதி முடிய 30 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். சீக்கிரம் போனால் நாள் குறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், புதிய வருடம் பழைய தேதி முடிகிற இடத்திலிருந்துதான் ஓடும். 3 மாதம் கழித்துப் பாஸ்புக்கோடு திரும்ப வரச் சொல்கிற அலுவலகங்களும் உண்டு, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

எக்ஸ்டென்ஷன் முத்திரை விழுந்த கையோடு, வெளியே போய்த் திரும்பி வருவதற்கான ரீஎன்ட்ரி பர்மிட்டையும் வாங்கிவிடுங்கள், ஒரு தடவைக்கு 1,000 பாத், பல தடவைக்கு 3,800. அது இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போனால் எக்ஸ்டென்ஷன் அங்கேயே செத்துவிடும், திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.